ராய்ஸின் ருமேனியத் துப்பாக்கி

திங்கட்கிழமை கோர்ட்டில் எதிரெதிர் பெஞ்சில் உட்காரப்போகிற இரண்டு பேர், அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை ஒரே மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒரு துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கென்டக்கி மலைப்பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. ஊர்ச் சண்டையெல்லாம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

வெர்லீன் துப்பாக்கி மெக்கானிக். வீட்டை ஒட்டிய கார் கொட்டகைதான் அவள் பட்டறை. ராய்ஸ் அவளுடைய முன்னாள் கணவன், நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். துப்பாக்கிப் பட்டறை உள்ள வீட்டில் பெண்பிள்ளை வளர்வது ஆபத்து, பன்னிரண்டு வயது ஓப்பலை என்னிடம் ஒப்படையுங்கள் என்று அவன் வழக்குப் போட்டிருந்தான். அந்த மனுவைப் படித்த நாளிலிருந்து வெர்லீனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

"எம் பொண்ணுக்கு இந்தப் பட்டறை ஆபத்துன்னு வக்கீல வெச்சு எழுதிக் குடுத்திருக்க. உந் துப்பாக்கிக்கு மட்டும் ஆபத்தில்லையாக்கும்?" என்றாள்.

"வக்கீல் வேற, துப்பாக்கி வேற வெர்லீன். சுத்துவட்டாரம் மூணு கவுண்டியில இந்த வெளிநாட்டுச் சரக்க வேற யாருக்குத் தெரியும்? அந்த மெக்கானிக் ஹென்ஸ்லிகிட்ட குடுத்தா குழலப் பின்னாடி திருப்பி மாட்டிக் குடுப்பான்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் ஏழு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தது ஞாபகத்துக்கு வந்துவிடும். துப்பாக்கியை எடுத்துக் கையில் எடை பார்த்தாள். ருமேனியாவிலிருந்து வந்த அரைத் தானியங்கி ரைஃபிள். ஒரு தடவை டிரிகரை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். ஒரே கட்டையில் செதுக்கிய வேட்டைப் பிடியோடு இறக்குமதியாகியிருந்தது. அந்தப் பிடி ராய்ஸின் தடித்த கைக்கு ஒத்துவரவில்லை. தனிக் கைப்பிடி வேண்டும், நல்ல தோள்கட்டை வேண்டும், முன்பக்கம் சூடு தாங்கும் உறை வேண்டும் என்றான்.

"அப்புறம் இந்தச் சேஃப்டி. ஊரெல்லாம் கேக்குற மாதிரி டக்குனு சத்தம் போடுது. மானு அடுத்த மாநிலத்துக்கு ஓடிப்போகுது."

அதில் அவன் சொல்வது சரிதான். அந்த ஜாதித் துப்பாக்கிக்கு வலப்பக்கம் ஒரு நீளத் தகடுதான் சேஃப்டி. மேலே தள்ளினால் டிரிகர் பூட்டிக்கொள்ளும், கீழே இறக்கினால் சுடலாம். விரல் வைக்கச் சின்ன விளிம்பு உள்ள உள்ளூர்த் தகடு ஒன்று அவளிடம் இருந்தது. அதை மாட்டினால் சத்தம் வராமல் இறக்கலாம்.

ராய்ஸ் போன பிறகு துப்பாக்கியைப் பிரித்து மேய்ந்தாள். குழல் நேர். குழலின் பின்வாயை அடைக்கிற பூட்டுத்தண்டில் தேய்மானம் இல்லை. டிரிகர் கொஞ்சம் கரகரப்பு, ஆனால் நாணயமானது. எப்போது விழும் என்று விரலுக்கு முன்கூட்டியே தெரிந்தது. அதை எண்ணெய்க்கல்லில் நாலு இழுப்பு இழுத்து மெருகேற்றியதோடு விட்டுவிட்டாள். கட்டை, கைப்பிடி, முன்னுறை, உள்ளே ஓடும் வாயு உந்துதண்டு ஆகியவற்றை மட்டும் உள்ளூர்ச் சரக்காக மாற்றினாள். கடைசியில் புதுச் சேஃப்டித் தகட்டை மாட்டி, மேலே தள்ளி, டிரிகரை மூச்சுப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. பத்து தடவை பார்த்தாள், பத்து தடவையும் அசையவில்லை.

பிறகு எண்ணினாள். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்த எண்ணிக்கை ஒரு வியாதி. இறக்குமதித் துப்பாக்கிக்கு இப்படித் தனிக் கைப்பிடியெல்லாம் வைத்தால், சட்டம் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கும் உறுப்புகளில் பத்துக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு இருக்கக் கூடாது. பத்து இருந்தால் யோக்கியன், பதினொன்று இருந்தால் குற்றவாளி. பாதிப்பேர் அதைச் சட்டை செய்வதே இல்லை. வெர்லீனும் மற்ற நேரத்தில் ஒரு தடவைதான் எண்ணுவாள். இப்போது எதிர்த்தரப்பு வக்கீல் பூதக்கண்ணாடியோடு காத்திருக்கிறான். அவள் கையால் ஒரு உறுப்பு கூடிப்போனால், சட்டத்தை மீறுகிற பட்டறை என்று திங்கட்கிழமை ஒரே வார்த்தையில் ஓப்பலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று தடவை எண்ணினாள். குண்டுகளை அடுக்கும் மேகசினையும் உள்ளூர்ப் பிளாஸ்டிக்காகவே போட்டதில், வெளிநாட்டு உறுப்பு ஒன்பதுதான் வந்தது. வேலை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துப்பாக்கியை வாங்க வந்த ராய்ஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டை இரும்பு மேகசினை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"பல்கேரியாவுது. பத்துக் குண்டு பிடிக்கும். சந்தையில கெடச்சுது. எப்டி இருக்கு பாரு, கல்லு மாதிரி. இதத்தான் போடப்போறேன். உன் பிளாஸ்டிக்க நீயே வெச்சுக்க."

வெர்லீன் மேகசினைப் புரட்டிப் பார்த்தாள். "கெடுத்தியே ராய்ஸ். மேகசின்ல மட்டும் மூணு உறுப்பு எண்ணுவாங்க. உடம்பு, உள் தட்டு, அடித்தகடு. ஒன்பதும் மூணும் பன்னெண்டு."

"யாரு காட்டுக்குள்ள வந்து எண்ணப்போறா?"

"உன் வக்கீல் வந்து எண்ணுவான்."

அவன் முகம் சுண்டியது. "நான் ஒன்னும் அவ்வளவு கேவலமானவன் இல்ல."

"நீ இல்ல. அவன் இருக்கான்ல?"

அவன் பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. அவளும் பத்தைத் தாண்டிய துப்பாக்கியைக் கதவுக்கு வெளியே விடுகிற ஆள் இல்லை. இரண்டு உறுப்பு குறைய வேண்டும். அலமாரியில் ஓர் உள்ளூர் டிரிகர் தொகுதி புதிதாக இருந்தது: டிரிகர், சுத்தியல், அதைப் பிடிக்கிற கொக்கி, மூன்றும் ஒரே டப்பாவில். மூன்றையும் மாற்றினால் மறுபடி ஒன்பது. அரை மணி நேர வேலை. நல்ல டிரிகரைக் கழற்ற மனசு வராமல்தான் கழற்றினாள். புதியதை மாட்டி, பின்பக்க மண்மேட்டில் பத்துக் குண்டு சுட்டுப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி விழுந்தது. அட்டையில் புது உறுப்புகளைக் குறித்து, மறுபடி ஒன்பது என்று எழுதிக் கொடுத்தனுப்பினாள். அன்று ராத்திரி ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் பட்டறையைத் திறந்தாள். தபால்காரர் ஒருவருடைய துப்பாக்கி, ராய்ஸுடையதைப் போலவே ருமேனியச் சரக்கு, மேசையில் இருந்தது. நேற்றைய டிரிகர் மனசுக்குப் பிடித்துப்போனதால், அதே மாதிரி இன்னொரு டப்பாவை உடைத்து இதற்கும் மாட்டினாள். சுத்தியலை ஏற்றிவிட்டு, கை போன போக்கில் சேஃப்டித் தகட்டை மேலே தள்ளி டிரிகரை இழுத்தாள்.

டக்.

சுத்தியல் விழுந்துவிட்டது. தகடு மேலேதான் இருந்தது. அவள் கண்ணையே நம்பாமல் திரும்ப ஏற்றி இழுத்தாள். மறுபடியும் விழுந்தது. மேல்மூடியைக் கழற்றி விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். புது டிரிகரின் வால் பழையதைவிட மயிரிழை மெல்லிசு. சேஃப்டித் தகட்டின் உள்முனை அந்த வாலின்மேல் உட்கார வேண்டும். உட்காரவில்லை, நடுவில் ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி. அந்த இடைவெளி போதும்.

ராய்ஸின் துப்பாக்கியில் சேஃப்டியைச் செவ்வாய்க்கிழமை பார்த்திருந்தாள். அது பழைய டிரிகர். வெள்ளிக்கிழமை மாற்றிய பிறகு எண்ணிக்கையைப் பார்த்தாள், குண்டு போகிறதா என்று பார்த்தாள். சேஃப்டியைத் தொடவே இல்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடச் செய்யாத தப்பு.

ஓப்பல் இந்த வாரம் அப்பா முறை. காலையில் அவளைக் கூட்டிக்கொண்டுதான் ராய்ஸ் தன் வழக்கமான வேட்டை மேட்டில் ஏறுகிறான். ஒற்றையடிப் பாதையில் பிள்ளையை முன்னால் விட்டுப் பின்னால் வருவதுதான் அவன் வழக்கம், கண் பார்வையில் இருப்பாள் என்று. குண்டை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, கையில் பிடித்துக்கொண்டு நடப்பான். அந்தக் குழலுக்கு முன்னால் ஓப்பலின் முதுகு.

போனை எடுத்து அடித்தாள். மலைக்கு மேலே சிக்னல் ஏது? வீட்டுப் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. செய்தி அனுப்பினாள், அது போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. காட்டில் மற்றவர் கண்ணில் படுகிற ஆரஞ்சு வேட்டைச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். காலில் பட்டறைச் செருப்போடு போகிறோம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

பதினைந்து மைல் மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் சாலையோரம் வண்டிகள். ஊர் ஆம்பளைகள் மொத்தமும் காட்டுக்குள் இருந்தார்கள். கண்ணாடியை இறக்கினாள். அந்தப் பக்கம் ஒரு வெடி, இந்தப் பக்கம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினாள். எட்டு மணிக்கு முன்னால் ஓப்பல் எழுந்திருக்க மாட்டாள், சோம்பேறிக் கழுதை, இன்னும் கொஞ்சம் தூங்கடி என் கண்ணே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓட்டினாள்.

மேட்டடியில் ராய்ஸின் வண்டி நின்றது. எஞ்சின் மூடியில் கை வைத்தாள். வெதுவெதுப்புதான் இருந்தது. ஏறிப்போய் அரை மணியாவது ஆகியிருக்கும்.

அவள் ஓடினாள். ஈர இலையில் செருப்பு வழுக்கியது. "ஓப்பல்! ராய்ஸ்!" என்று கத்திக்கொண்டே ஏறினாள். வேட்டை முதல் நாள் காட்டுக்குள் கத்துவதைப்போலப் பாவம் அந்த ஊரில் வேறு கிடையாது. ஓர் ஓக் மரத்தின் பரண்மேலிருந்து ஆரஞ்சுத் தொப்பி ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்து நிலத்துக்காரர், கிழவர் ஆம்ப்ரோஸ்.

"ஏம்மா வெர்லீன், உனக்கென்ன கிறுக்கா? நாலு மணிக்கு வந்து ஒக்காந்திருக்கேன். இப்பத்தான் ஒரு கொம்பன் மூக்கக் காட்டுனான். ஒட்டுமொத்தமா ஓட்டி விட்டுட்டியே."

"ராய்ஸ் எந்தப் பக்கம் போனான்?"

"ஏன், கோர்ட்டு நோட்டீசு குடுக்கணுமா? திங்கக்கிழம வரைக்கும் பொறுக்காதா?"

"அவன் துப்பாக்கியில சேஃப்டி பிடிக்காது பெரியவரே. பிள்ள முன்னாடி நடக்குது."

கிழவரின் கேலி அந்த இடத்திலேயே நின்றது. "வேலிப் பக்கம். மேட்டுக்கு இடது கையில. ஓடு" என்றார். அவரே இறங்கவும் ஆரம்பித்தார், எழுபது வயசுக்கு அது சீக்கிரமான இறக்கம்தான்.

வேலிக்கு இன்னும் இருநூறடி இருக்கும்போது வெடித்தது. தூரத்து வெடி இல்லை. காது அடைக்கிற வெடி. ஒன்றே ஒன்று. மான் சுடுகிறவன் சுட்டபிறகு ஏதாவது சத்தம் வரும்: அடுத்த குண்டோ, கூச்சலோ, ஓட்டமோ. ஒன்றும் வரவில்லை.

வெர்லீன் நின்றுவிட்டாள். அந்த மேட்டுக்கு மறுபக்கம் என்ன இருக்கிறதோ அதைப் பார்க்காத வரைக்கும் தனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று தோன்றியது. பிறகு எப்படியோ போனாள்.

சாய்ந்து கிடந்த ஒரு மரத்தை ஒட்டி ஓப்பல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு. வெர்லீன் அவளைத் தலை, கழுத்து, முதுகு, கால் என்று பிசைந்து தடவினாள். ரத்தம் இல்லை. எங்கேயும் இல்லை. வேலியோரம் அவளுடைய பூட்ஸ் தடத்துக்கு இரண்டு சாண் தள்ளி மண்ணில் ஒரு குழி புதிதாகப் பறிந்திருந்தது.

ராய்ஸ் பத்தடி தள்ளி முட்டிபோட்டிருந்தான். துப்பாக்கி அவனிடம் இல்லை. இலைக் குவியலில் வீசப்பட்டுக் கிடந்தது. அவன் முகம் சாம்பலாக இருந்தது. அவள் எப்படி அங்கே வந்தாள் என்றுகூட அவன் கேட்கவில்லை.

"கம்பி வேலிய அவ தாண்டுனா. நான் குனிஞ்சேன். ஒரு குச்சி உள்ள போயி டிரிகர்ல மாட்டிக்கிச்சு" என்றான். "சேஃப்டியப் போட மறந்துட்டேன் வெர்லீன். போட்டேன்னுதான் நெனச்சேன். சத்தியமாப் போட்டதா நெனச்சேன்."

"நீ போட்ட அப்பா. நான் திரும்பிப் பாத்தேன்" என்றாள் ஓப்பல். காது அடைத்திருந்ததால் கத்திச் சொன்னாள்.

"சும்மா இரு கண்ணு. எனக்காகப் பொய் சொல்லாத." அவன் முகத்தைக் கையால் துடைத்தான். "இருபத்தஞ்சு வருஷமா வேட்டைக்கு வர்றேன். எம் பிள்ள முதுகுக்குப் பின்னாடி... வெர்லீன், திங்கக்கிழம நீ இதச் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. நான் கேச வாபஸ் வாங்கிக்கிறேன். அவ உங்கிட்டயே இருக்கட்டும். என்னைய நம்பி யாரும் பிள்ளைய விடக் கூடாது."

வெர்லீன் ஓப்பலை விட்டு எழுந்தாள். இலைக் குவியலில் கிடந்த துப்பாக்கியை ஆளில்லாத சரிவுப் பக்கம் குழலைத் திருப்பி எடுத்தாள். மேகசினைக் கழற்றினாள். பிறகு வலப்பக்கம் பார்த்தாள்.

சேஃப்டித் தகடு மேலே இருந்தது. வெடித்தபோது பின்னால் பாய்ந்த பூட்டுத்தண்டின் இழுபிடி தகட்டின் விளிம்பில் மோதி, அதைப் பள்ளமாக நசுக்கி, அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றது. வெளியே வர முடியாமல் காலி வெடியுறை பாதி வாயில் சிக்கியிருந்தது. சேஃப்டி போட்டிருக்கும்போது வெடித்தால் மட்டும்தான் இந்த ஜாதித் துப்பாக்கி இப்படிச் சிக்கும். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது எழுதி வைத்த வாக்குமூலம். ராய்ஸ் அதைப் பார்க்கவில்லை. வெடித்த கணமே தூக்கி வீசிவிட்டான்.

அவள் கட்டை விரல் தகட்டின்மேல் இருந்தது. சிக்கிய உறையை எடுக்க எப்படியும் அந்தத் தகட்டைக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். எந்த மெக்கானிக்கும் முதலில் செய்கிற வேலை அதுதான். ஒரு அழுத்து அழுத்தினால் உறை விழுந்துவிடும், தகடு கீழே இருக்கும், அவன் சொன்னதே உண்மையாகிவிடும். டிரிகரை நாளைக்கே சரிசெய்துவிடலாம். வழக்கும் இல்லை, வக்கீலும் இல்லை, பிள்ளை வீட்டிலேயே இருக்கும். அவளுக்கு ஆசையாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

முட்டிபோட்டிருந்த ராய்ஸைப் பார்த்தாள். தன்னைக் கொலைகாரன் என்று முடிவு கட்டிவிட்ட ஒரு மனிதன். அவனோடு அவளுக்கு ஆயிரம் கணக்கு உண்டு. இது அதில் சேர்ந்தது இல்லை. பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு இந்த வேலியோரம்தான் ஞாபகம் வரும், சாகிறவரைக்கும்.

விரலைத் தகட்டிலிருந்து எடுத்தாள்.

"ராய்ஸ், எந்திரிச்சு இங்க வா. நான் கை வெக்கிறதுக்கு முன்னாடி பாரு."

அவன் வந்து பார்த்தான். முதலில் புரியவில்லை. நசுங்கிய விளிம்பை விரலால் தொட்டான். பிறகு புரிந்தது.

"மேல இருக்கு" என்றான்.

"ஆமா."

"நான் போட்டிருந்தேன்."

"போட்டிருந்த. பிடிக்கல. நேத்து நான் மாட்டுன டிரிகரோட வால் மெலிசு. மாத்துனதுக்கு அப்புறம் நான் சேஃப்டியப் பாக்கல. எத்தன உறுப்புன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். காலையில இன்னொரு துப்பாக்கியில கண்டுபிடிச்சேன், ஓடி வந்தேன். தப்பு என்னோடது, ராய்ஸ். உன்னோடது இல்ல."

"நான் போட்டிருந்தேனா?" என்று மறுபடியும் கேட்டான். காது கேட்காதவனைப்போலக் கேட்டான்.

"போட்டிருந்த."

அவன் வாய் கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தாள், அழுதான். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. வர வேண்டியதுதான். "எம் பிள்ளையக் கொன்னிருப்ப நீ" என்றான். "என் கையால கொன்னிருப்ப. திங்கக்கிழம இத நான் சொல்லாம விட மாட்டேன் வெர்லீன். ஜட்ஜு முன்னாடி சொல்வேன்."

"நீ சொல்லாத. உனக்கு அந்த உறுப்புக்குப் பேரே தெரியாது. நானே சொல்றேன்."

கீழே ஆம்ப்ரோஸ் கிழவர் மூச்சிரைக்கப் புதர்களை விலக்கிக்கொண்டு, "பிள்ள நல்லாருக்கா? யாராச்சும் சொல்லுங்க, பிள்ள நல்லாருக்கா?" என்று கத்திக்கொண்டே வந்தார். வெர்லீன் குழலைச் சரிவுப் பக்கம் பிடித்தபடியே தகட்டைக் கீழே இறக்கினாள். காலி உறை இலையில் விழுந்தது. ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து, "நல்லாருக்கா பெரியவரே, பிள்ள நல்லாருக்கா" என்று அவள்தான் பதில் சொன்னாள்.